ஔவையார் பார்த்த ஸ்டெப்னி!

அடுத்த தடவை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் பின்சக்கரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சக்கரத்துக்கு நடுவில் ஒரு இரும்புக் குடம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதன் முகத்தில் வட்டமாக ஒரு மூடி. மூடியைச் சுற்றி வரிசையாக நட்டுகள். யாராவது, "என்ன சார் தேடறீங்க?" என்று கேட்டால், "ஆக்ஸில் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

அந்த மூடிதான் ஆக்ஸிலின் தலை. நட்டுகளைக் கழற்றி இழுத்தால் உறையிலிருந்து கத்தி வருகிற மாதிரி நீளமாக ஒரு இரும்புத் தண்டு வெளியே வரும். அதை உருவிய பிறகும் பஸ் கீழே விழாது; சக்கரம் கழன்று ஓடாது. சாதுவாக அப்படியே நிற்கும். இது பெரிய விஷயமா என்றால், தர்மபுரி ஜில்லா மலைக்காரர்களுக்கு உயிர் போகிற விஷயம். ஏன் என்பதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

தர்மபுரி என்றதும் ஒகேனக்கல் அருவி, எண்ணெய் மசாஜ், பொரித்த மீன் என்று நம் ஆட்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. தப்பில்லை. ஆனால் ஜில்லாவின் முக்கால்வாசி சங்கதி மேடும் பள்ளமும்தான். வத்தல்மலை, சித்தேரி மலை, பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை, ஏரிமலை, அலகட்டு... 1965 அக்டோபர் 2-ம் தேதி சேலத்திலிருந்து பிரித்துத் தனி ஜில்லா ஆக்கினார்கள். 2004-ல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக்கொடுத்ததில் மாம்பழமும் ஓசூர் ஃபாக்டரிகளும் அந்தப் பக்கம் போயின. மலைகளை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. தர்மபுரிக்கே நின்றுவிட்டன.

இந்த மலைகளுக்கு ரோடு வருவதற்கு ரொம்ப முன்னாடியே ஜீப் வந்துவிட்டது. வந்தது என்றால் கம்பெனி ஷோரூமிலிருந்து மாலை போட்டுக்கொண்டு வரவில்லை. எங்கோ ஏலத்தில் எடுத்து, எங்கோ இன்ஜின் மாற்றி, எங்கோ பாடி கட்டி, முன்னால் எட்டுப் பேர், பின்னால் எத்தனை பேர் என்று சாமிக்கே வெளிச்சம் என்கிற கணக்கில் ஓடுகிற ஜீப். வத்தல்மலைக்கு பஸ் ஏறியதே சமீப வருடங்களில்தான். அதற்கு முன் மேலிருந்து காப்பிக்கொட்டை, மிளகு, சாமை இறங்கியதும், கீழேயிருந்து கல்யாணப் பெண் ஏறியதும் தலைச்சுமை, இல்லாவிட்டால் ஜீப்.

தர்மபுரியில் ஒரு ஒர்க் ஷாப். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற டிரைவர் ஒருவர், பழைய வண்டி ஒன்றை வாங்கி எலும்புக்கூடாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். இன்ஜின் ஒரு மூலையில், பாடி ஒரு மூலையில். இப்போதைய கேள்வி: எந்த ஆக்ஸில் போடுவது? அதற்காக மூன்று நாளாக டீ செலவு ஆகிக்கொண்டிருக்கிறது.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். என்னைப் பார்த்து, "சார், வண்டி மலை ஏர்றது இன்ஜின்னாலனு எல்லாரும் நெனைக்கிறாங்க. இன்ஜின் சும்மா சத்தம் போடும். ஏத்துறது ஆக்ஸில்தாங்க. மாமியார் அதிகாரம் பண்ணலாம், அடுப்புல வேகறது மருமகதானே!" என்றார். (மேஸ்திரி வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.)

கணக்குப் போட்டுக் காட்டினார். வில்லிஸ் காலத்து ஜீப்பில் மூணு கியர். முதல் கியரில் இன்ஜினின் முறுக்கு சுமார் 2.8 மடங்கு ஆகிறது. ஃபோர் வீல் டிரைவுக்கான குட்டி கியர் பாக்ஸில் 'லோ' போட்டால் அது 2.46 மடங்கு. ஆக்ஸில் நடுவே உள்ள கிரவுன், பினியன் பல்லில் 5.38 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 37 வருகிறது! இன்ஜின் ஒரு பங்கு கொடுத்தால் ஆக்ஸிலில் வந்து இறங்குவது 37 பங்கு. டயர் பாறை இடுக்கில் மாட்டி அசையாமல் நிற்க, டிரைவர் கோபத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார் என்று வையுங்கள். அத்தனை முறுக்கும் விரல் தடிமன் கொஞ்சம் கூடிய இரும்புத் தண்டின் தலையில்! 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் வண்டி நகராது. 'ஆக்ஸில் கட்' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் தடியான ஆக்ஸிலாகப் போட்டுவிட வேண்டியதுதானே என்று நாம் சொல்லுவோம். பாதி சரி. முறுக்கைத் தாங்குகிற பலம் தண்டின் குறுக்களவோடு சாதாரணமாக ஏறுவதில்லை. கன மடங்காக ஏறுகிறது. குறுக்களவைக் கால் பங்கு கூட்டினால் பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் உள்ள வித்தியாசம்தான், ஆனால் பலசாலி எங்கேயோ போய்விடுகிறான். அதனால் பழைய ஆக்ஸில் வாங்கும்போது மேஸ்திரி முதலில் கையில் எடுப்பது அளவுகோல்தான்.

மீதிப் பாதி எது என்றால், அந்தத் தண்டுக்கு எத்தனை வேலை கொடுக்கிறோம் என்பது. இங்கேதான் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மூடிக்கு வருகிறோம். லாரி, பஸ் ஆக்ஸிலுக்கு 'ஃபுல் ஃப்ளோட்டிங்' என்று பெயர். வண்டியின் பாரத்தைச் சுமப்பது வெளியே இருக்கிற ஹவுசிங் குழாயும் அதன் மேல் பேரிங்கில் ஓடுகிற ஹப்பும். உள்ளே இருக்கிற தண்டுக்கு ஒரே வேலை: சுற்றுவது. முறிந்தாலும் சக்கரம் இடத்தில் இருக்கும். 'செமி ஃப்ளோட்டிங்' என்கிற இன்னொரு ஜாதியில் தண்டுதான் சுற்றவும் வேண்டும், பாரத்தையும் தாங்க வேண்டும். அது பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரம் நம்மை ஓவர்டேக் செய்துகொண்டு முன்னே போகும். சமவெளியில் இது தமாஷ். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்கிற இடத்தில் தமாஷ் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புக்குப் பின்னால் ஃபுல் ஃப்ளோட்டிங்தான். போர் முடிந்து பொதுஜனத்துக்காகச் செய்த ஜீப்பில் கொஞ்ச நாளிலேயே செமி ஃப்ளோட்டிங் ஆக்கிவிட்டார்கள். சண்டைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்திருப்பார்கள். அந்த அமெரிக்கர்கள் கோட்டூர் மலையைப் பார்த்ததில்லை. அந்த ஜீப்பைத்தான் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி நம் நாட்டில் விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு மலையில் ஓடுகிற எத்தனையோ கிழட்டு ஜீப்புகளின் பாட்டன் அதுதான்.

"அப்ப லாரி ஆக்ஸிலையே ஜீப்புக்கு மாட்டிடுங்களேன்" என்றேன் அறிவாளித்தனமாக.

மேஸ்திரி சிரிக்கவில்லை. டிரைவர்தான் சிரித்தார். "ஆட்டுக்குட்டிக்கு யானைக்கால் வெச்ச மாதிரி ஆயிடுங்க சார்!"

ஆக்ஸில் பெரிசானால் நடுவே கிரவுன் இருக்கிற குண்டும் பெரிசு. அந்தக் குண்டுதான் ஜீப்புக்கு அடியில் தரைக்கு ரொம்பப் பக்கமாகத் தொங்குகிற பாகம். மலைப்பாதையில் நடுவே துருத்திக்கொண்டிருக்கிற கல்லில் முதலில் அடிபடுவது அதுதான். பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் குண்டு நடுவில் இல்லாமல் வலது பக்கம் ஒதுங்கி இருக்கும். அனுபவஸ்தர்கள் கல்லை எந்தப் பக்கமாக விட்டு ஏறுவது என்று அதை வைத்து முடிவு செய்வார்கள். அதற்கு மேல், கனமான ஆக்ஸிலுக்கு வேறு பிரேக் வேண்டும், வேறு சக்கரம் வேண்டும், பட்டை மாற்ற வேண்டும். அகலம் கூடினால் பாதையையே மாற்ற வேண்டும். இரண்டு சக்கரத்துக்கு மேல் அங்குலம் கூட மிச்சமில்லாத பாதை அது.

ராணுவத்தில் இதற்கு வேறு வைத்தியம் உண்டு. ஜெர்மனியின் யுனிமாக் வண்டியில் ஆக்ஸில் சக்கரத்தின் நடுவுக்கு நேராக வராது. அதற்கு மேலே வந்து, சக்கரத்துக்குள் ஒரு பல்சக்கரம் வழியாகக் கீழே இறங்கும். வயிறு தரையிலிருந்து உயரப் போய்விடும். கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அதன் விலையில் மலைக்கு ரோடே போட்டுவிடலாம் போல.

லாரி ஆக்ஸில் மாட்டினால் இன்னொரு வம்பு. ஒரு பாகம் பலமானால் முறிவு அடுத்த பாகத்துக்கு நகர்ந்துவிடும். ஆக்ஸில் தாங்கினால் ஜாயின்ட்டின் கிராஸ் போகும். கிராஸும் தாங்கினால் கியர் பாக்ஸ் வெடிக்கும். "வீட்ல ஃப்யூஸ் கம்பி எதுக்குப் போடறோம்? அது போனாப் பரவால்லைனுதானே? எது போனா வழியிலேயே மாத்திக்கலாமோ அது மொதல்ல போகணுங்க" என்கிறார் மேஸ்திரி. இந்த ஒரு வரிக்காகவே மூணு நாள் டீ செலவு செய்யலாம்.

சரி, பழைய ஆக்ஸில் எங்கே கிடைக்கும்? சென்னைக்காரர்கள் புதுப்பேட்டை என்பார்கள். இங்கே சேலம், நாமக்கல் பக்கத்துக் காயலான் கடைகள். புதுசு வேண்டுமென்றால் கனரக வண்டிகளுக்கு ஆக்ஸில் செய்கிற பெரிய தொழிற்சாலை 1981-ல் தொடங்கி மைசூரில் இருக்கிறது. ஓசூரில் 1980-லிருந்து லேலண்ட் லாரி செய்கிறார்கள். இரண்டும் கைக்கெட்டுகிற தூரம். ஆனால் நம் டிரைவரின் ஜீப்புக்கு வேண்டியது பெரும்பாலும் கிரீஸ் படிந்த குவியலுக்கு அடியில்தான் படுத்திருக்கும்.

குவியலில் தேர்வு செய்வது பெண் பார்ப்பதை விடக் கஷ்டம். தண்டின் முனையில் வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். வரிகள் நேராக இருந்தால் சரி. கொஞ்சமாவது முறுக்கு பிழிந்த மாதிரி சாய்ந்திருந்தால், அந்தத் தண்டு ஏற்கெனவே எங்கோ தன் சக்திக்கு மீறி வாங்கியிருக்கிறது. தொடவே கூடாது. வெல்டிங் வைத்த தண்டு என்றால் கடையை விட்டே இறங்கிவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு ஒரு நாட்டு வைத்தியம் காட்டினார்கள். தண்டைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி ஊற விட்டு, மறுபடி காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுகிறார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெள்ள வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் மயிரிழையாகக் கோடு போடும். ஒரு தண்டில் சாவி உட்காருகிற பள்ளத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோடு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கி இரும்புக் குப்பையில் போட்டார். டிரைவர் முகத்தைப் பார்த்தால், அவர் அந்தத் தண்டுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தவர் என்று தெரிந்தது.

அடுத்தது பல் கணக்கு. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே கணக்கில் இருந்தாக வேண்டும். முன்னால் 5.38, பின்னால் 4.88 என்று கிடைத்ததை மாட்டினால், ஃபோர் வீல் போட்டதும் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற குடும்பம். நடுவில் எதுவாவது முறிந்தே தீரும். கண்டுபிடிப்பது சுலபம்: பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று போகிறது என்று எண்ண வேண்டும். ஐந்துக்கும் கொஞ்சம் குறைச்சலா, ஐந்தே காலுக்கும் மேலேயா என்பதில் விடை கிடைத்துவிடும். ஒர்க் ஷாப் பையன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எண்ணினான். பரீட்சையில் இவ்வளவு கவனமாக எண்ணியிருந்தால் இங்கே வந்திருக்க மாட்டான் என்று மேஸ்திரி சொல்ல, "அப்ப உங்களுக்கு யாரு எண்ணுவா?" என்றான் அவன்.

ஒரு எச்சரிக்கை. பட்டணத்து வாலிபர்கள் சிலர் இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டு ஜீப்புக்கு ஆக்ஸில் மாற்றக் கிளம்ப வேண்டாம். வண்டி தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. மேஸ்திரியும் கம்பெனி போட்ட ஜாதியிலேயே நல்லதாகப் பொறுக்குகிறாரே தவிர, புது ஜாதி கண்டுபிடிக்கவில்லை.

இறக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் தொப்பூர் போக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில் கணவாய் இறக்கம். 2020 டிசம்பர், 2024 ஜனவரி என்று ஒன்றன் மேல் ஒன்றாக வண்டிகள் மோதிய செய்திகளில் 'தொப்பூர் இரட்டைப் பாலம்' என்ற பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடி சக்கரத்துக்கு எந்த வழியாகப் போகிறது? ஆக்ஸில் வழியாகத்தான்!

பழைய ஜீப்பில் இதைவிட மோசம். அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. குட்டி கியர் பாக்ஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. பின் ஆக்ஸில் ஒரு பக்கம் முறிந்தால், ஃபோர் வீல் போடாத ஜீப்புக்கு ஒரே நொடியில் இன்ஜின் பிடியும் போச்சு, ஹேண்ட் பிரேக்கும் போச்சு. மிச்சம் கால் பிரேக் மட்டும். மலை ஜீப்பில் கிளீனர் பையன் பின்னால் தொங்கிக்கொண்டே வருவதைப் பார்த்து, இடமில்லாமல் தொங்குகிறான் என்று நினைப்போம். அவன் காலடியில் ஒரு மரக்கட்டை இருக்கும். வண்டி பின்னால் நழுவினால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவன் உத்தியோகம்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று டிரைவரைக் கேட்டேன். கூட நாலு நடை ஓடினால் ஆக்ஸில் காசு வந்துவிடும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"மூட்டை ஏத்தினா ஆக்ஸில் கட் ஆனா ஆவட்டும், எறக்கி வெச்சிட்டு உக்காந்துக்கலாம். பிரசவத்துக்கு ஒரு புள்ளய ஏத்திக்கினு வரும்போது கட் ஆச்சின்னா, எங்க எறக்கி வெக்கிறது, சொல்லுங்க?"

தார் ரோடு முடிகிற இடம் வரைதான் 108 வரும். அதற்கு மேல் ஜீப். ஜீப்பும் போகாத இடத்தில் கம்பில் துணி கட்டித் தோளில் தூக்கி வருவார்கள். அவர் ஓட்டுகிற பாதையில் ஆக்ஸில் முறிந்தால் மிச்சத் தூரம் அந்தத் துணித் தொட்டில்தான். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய், ஃபுல் ஃப்ளோட்டிங் ஹப் இருக்கிற ஒரு பழைய ஜோடியைக் காலால் தட்டிக் காட்டினார். விலை கூட. கடன் கேட்டிருக்கிறாராம்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் இந்த ஊரில் இதே பேச்சுதான் நடந்திருக்கிறது! தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். அவன் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 102-வதாக இருக்கிறது. உப்பு வணிகர்களின் மாட்டு வண்டி. மாடோ இளசு, சரக்கோ ஏகம். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறப் போகிற வழியில் என்ன நேருமோ என்று அவர்கள் வண்டிக்கு அடியில் உபரியாக ஒரு அச்சைக் கட்டி எடுத்துப் போவார்களாம். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். நீ அந்த மாதிரி என்று இளவரசனைப் பாராட்டுகிறார். சிங்கம், புலி என்று எத்தனையோ உவமை இருக்க, ராஜாவைப் போய் ஸ்பேர் ஆக்ஸிலோடு ஒப்பிட வேண்டுமென்றால், அந்தப் பாட்டி இந்த மலைப்பாதையில் வண்டியில் ஏறி அவஸ்தைப்பட்டிருக்கத்தான் வேண்டும். இது என் ஊகம். தமிழாசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஜீப்லயும் ஸீட்டுக்கு அடியில ஒண்ணு கட்டி வெச்சிருக்கோமே" என்றார் சர்வசாதாரணமாக. பார்த்தேன். கோணித் துணி சுற்றி, கயிறு போட்டு, ஒரு தண்டு படுத்திருந்தது. ஃபுல் ஃப்ளோட்டிங் என்றால் நடுவழியில் நட்டு கழற்றி மாற்ற அரை மணி நேரம் போதுமாம்.

பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், கோட்டூர் மலை அடிவாரம் வரை போனேன். 2021 சட்டமன்றத் தேர்தலின்போதுகூட ஓட்டுப் பெட்டி இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப் போன மலை இது. அடிவாரத்தில் ஒரு பெரியவர் கழுதையின் முதுகில் மூட்டையைச் சமன் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆக்ஸில் ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறேன் என்று என்னுடன் வந்தவர் அறிமுகப்படுத்தினார்.

பெரியவர் கயிற்றை இறுக்கிவிட்டுக் கழுதையின் நாலு காலையும் காட்டினார்.

"இதுவும் நாலு வீலும் இழுக்கிற வண்டிதாங்க. வயித்துல கல்லு இடிக்காது. புல்லு போட்டாப் போதும். ஒரே கஷ்டம், ரிவர்ஸ் கியர் கெடையாது."

கழுதை ஒரு அடி கூட நகரவில்லை. முன் கியரும் அன்றைக்கு வேலை செய்யவில்லை போலிருக்கிறது.